போலீஸ்காரர் மகனின் கதை

நன்னூல் செய்த பவணந்தி முனிவர் தற்புகழ்ச்சிக்கு ஒரு வேலி போட்டு வைத்திருக்கிறார். தன்னைத் தானே புகழ்ந்துகொள்வது புலவனுக்கு அழகல்ல என்பது பொது விதி. ஆனால் நான்கு இடங்களில் மட்டும் குற்றமில்லையாம். அரச சபைக்கு ஓலை எழுதும்போது சொல்லிக்கொள்ளலாம். தன் திறமையை அறியாதவர்களின் நடுவே சொல்லிக்கொள்ளலாம். பெரிய சபையிலே வாதாடி வெல்ல வேண்டிய சமயத்தில் சொல்லிக்கொள்ளலாம். எதிராளி தன்னைப் பழித்துப் பேசினால் அப்போதும் சொல்லிக்கொள்ளலாம். மற்ற இடங்களில் வாயை மூடிக்கொண்டிருப்பதே லட்சணம்.

இந்த விதியை நம்மவர்கள் மிகவும் சிரத்தையாகக் கடைப்பிடித்துவிட்டார்கள். அதனால் நமக்கு நேர்ந்த நஷ்டம் கொஞ்சமல்ல. கம்பன் காலையில் எழுந்து என்ன சாப்பிட்டான், யாரோடு சண்டை போட்டான், எந்தக் கடனுக்காகக் கவலைப்பட்டான் என்று நமக்குத் தெரியாது. பத்தாயிரத்துக்கு மேல் பாட்டுப் பாடினவன் தன்னைப் பற்றிப் பத்து வரி உரைநடையில் எழுதி வைக்கவில்லை. அந்தக் காலியிடத்தைக் கர்ணபரம்பரைக் கதைகள் வந்து நிரப்பிக்கொண்டன. உண்மை சொல்ல ஆளில்லாத வீட்டில் வதந்தி குடியேறுவது இயல்புதானே!

இருபதாம் நூற்றாண்டில்தான் வேலி மெள்ள மெள்ளச் சாய்ந்தது. பாரதியார் 1910-ல் தம் சுயசரிதையைப் பாட்டாகவே எழுதினார். வ. உ. சிதம்பரம் பிள்ளையும் தம் கதையைச் செய்யுளில்தான் சொன்னார். தன்னைப் பற்றிப் பேசும் கூச்சத்துக்குச் செய்யுள் ஒரு மேல்துண்டு போல உதவியது என்று நினைக்கிறேன். பிறகு 1940-ல் உ. வே. சாமிநாதையர் 'என் சரித்திர'த்தை ஆனந்த விகடனில் வாரந்தோறும் எழுதத் தொடங்கினார். 1942-ல் அவர் காலமானபோது அது முடிவு பெறாமலே நின்றது. அப்புறம் 1944-ல், ஒரே வருஷத்தில், இரண்டு புத்தகங்கள் வந்தன. ஒன்று திரு. வி. க.வின் 'வாழ்க்கைக் குறிப்புகள்'. மற்றொன்று நாமக்கல் கவிஞர் வெ. ராமலிங்கம் பிள்ளையின் 'என் கதை'.

இந்தப் பின்னதைப் பற்றித்தான் நான் இங்கே பேச விரும்புகிறேன். அதன் பெயரைக் கவனியுங்கள். 'சரித்திரம்' என்பதில் ஒரு கம்பீரம் இருக்கிறது. 'வாழ்க்கைக் குறிப்புகள்' என்பதில் ஓர் அடக்கம் இருக்கிறது. 'என் கதை' என்று மொட்டையாகச் சொல்வதில் திண்ணைப் பேச்சின் உரிமை இருக்கிறது. எங்கள் சேலம், நாமக்கல் பக்கங்களில் சாயங்காலம் வேலை முடிந்து திண்ணையில் சாய்ந்து உட்கார்ந்து, "என் கதையைக் கேட்டீங்கன்னா..." என்று ஆரம்பிக்காத பெரியவர் கிடையாது. அப்படி ஆரம்பிப்பவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் தங்கள் கஷ்டங்களைச் சொல்லி முடிப்பார்கள். பத்தாவது ஆள், தான் சந்தித்த மனிதர்களைச் சொல்லுவார். ராமலிங்கம் பிள்ளை அந்தப் பத்தாவது ஆள்.

அவர் 1888-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் 19-ந் தேதி மோகனூரில் பிறந்தார். காவேரியின் வடகரையில் உள்ள ஊர் அது. அக்கரையில் கரூர்ச் சீமை. தகப்பனார் வெங்கட்ராம பிள்ளை போலீஸ் இலாகாவில் வேலை பார்த்தவர். தாயார் அம்மணியம்மாள். எட்டாவது குழந்தையாகப் பிறந்தவர் இவர். அப்போது மோகனூரும் நாமக்கல்லும் சேலம் ஜில்லாவைச் சேர்ந்தவை. நடுவில் சில காலம் நாமக்கல் தாலுகாவைத் திருச்சி ஜில்லாவோடு சேர்த்துவிட்டு, மறுபடியும் சேலத்துக்கே கொடுத்தார்கள். 1997 ஜனவரி முதல் தேதி நாமக்கல் தனி ஜில்லாவாகவே ஆகிவிட்டது. இப்படி ஊர் இருந்த இடத்திலேயே இருக்க, அதன் மேல்விலாசம் மட்டும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. அந்த ஊர்க்காரருடைய வாழ்க்கையும் ஏறக்குறைய அப்படித்தான் நடந்தது.

நாமக்கல்லைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பாறை மறக்காது. சமவெளியின் நடுவே, யாரோ கொண்டுவந்து வைத்தாற்போல் 200 அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் ஒற்றைக் கல். தலையில் கோட்டை. ஒரு பக்கத்துக் குடைவரையில் நரசிம்மர். மறு பக்கத்தில் அரங்கநாதர். நரசிம்மருக்கு எதிரே, கூரை இல்லாமல் வெயிலிலும் மழையிலும் கைகூப்பி நிற்கிறார் 18 அடி ஆஞ்சநேயர். கிழக்கே கொல்லிமலை நீலமாகத் தெரியும். நாமக்கல் பள்ளிக்கூடத்தில் படித்த பையன் எந்தப் பக்கம் திரும்பினாலும் அவன் கண்ணில் பட்டது கல்லில் செதுக்கிய உருவமோ, வானத்தில் எழுதிய மலையோதான். அவன் சித்திரக்காரன் ஆனதில் வியப்பில்லை.

நாமக்கல், கோயம்புத்தூர், திருச்சி என்று மூன்று ஊர்களில் அவருடைய படிப்பு நடந்தது. பிறகு நாமக்கல் தாலுகா கச்சேரியில் குமாஸ்தாவாக உட்கார்ந்தார். போலீஸ்காரர் வீட்டுப் பிள்ளை சர்க்கார் நாற்காலியில் அமர்வது அந்தக் காலத்தில் குடும்பத்துக்குக் கிடைத்த பெரிய நிம்மதி. நாற்காலிதான் அவருக்குப் பொருந்தவில்லை. ஆரம்பப் பள்ளி உபாத்தியாயராக இருந்து பார்த்தார். அதுவும் நிலைக்கவில்லை. கடைசியில் கையிலே தூரிகையை எடுத்துக்கொண்டு, படம் எழுதிச் சம்பாதிக்கிறேன் என்று கிளம்பிவிட்டார்.

இன்றைக்கு ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் ஒரு காமிரா இருக்கிறது. அதனால் அந்தத் தொழிலின் தன்மையை நாம் கொஞ்சம் யோசித்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். ரவிவர்மாவின் அச்சுப் படங்கள் வீட்டுக்கு வீடு மாட்டப்பட்டிருந்த காலம் அது. லக்ஷ்மியும் சரஸ்வதியும் சுவருக்கு வந்துவிட்ட பிறகு, வசதியுள்ளவர்களுக்குத் தங்கள் தகப்பனாரையும் பாட்டனாரையும் பக்கத்தில் மாட்ட ஆசை வந்தது. சித்திரக்காரன் ஊர் ஊராகப் போக வேண்டும். பெரிய மனிதர் வீட்டுத் திண்ணையில் காத்திருக்க வேண்டும். அவருக்கு ஒழிந்த நேரத்தில் எதிரே உட்கார வைத்து எழுத வேண்டும். மணிக்கணக்காக ஒரு முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு, அந்த மனிதரின் மனைவிக்குக்கூடத் தெரியாத சில சங்கதிகள் தெரிந்துவிடும். வாய் சிரிக்கும்போது கண் சிரிக்கிறதா, மீசைக்குப் பின்னால் இருப்பது வீரமா பயமா என்பதெல்லாம் புலப்படும். ஆனால் அதை அப்படியே எழுதிவிட்டால் கூலி கிடைக்காது. கொஞ்சம் அழகுபடுத்தித்தான் எழுத வேண்டும்.

'என் கதை'யை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தத் தொழில்தான் ஞாபகத்துக்கு வருகிறது. கூலிக்கு எழுதிய படங்களில் அழகுபடுத்திய கை, தன் படத்தை எழுதும்போது அந்தச் சலுகையைத் தனக்குத் தந்துகொள்ளவில்லை. அதற்கு ஓர் உதாரணம் சொல்லுகிறேன்.

1911 டிசம்பரில் டில்லியில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னருக்குத் தர்பார் நடந்தது. அதையொட்டி, பாரத மாதா மன்னருக்கு முடி சூட்டுவது போல ராமலிங்கம் பிள்ளை ஒரு படம் எழுதினார். அதற்காக 1912-ல் அவருக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது இருபத்து மூன்று, இருபத்து நான்கு இருக்கும். நாமக்கல்லிலிருந்து புறப்பட்ட ஒரு போலீஸ்காரர் மகனுக்குச் சக்கரவர்த்தியின் பெயரால் தங்கப் பதக்கம்! ஊரே கொண்டாடக் கூடிய விஷயந்தான்.

பதினெட்டு வருஷம் கழித்து என்ன ஆயிற்று? 1930 ஏப்ரல் 13-ந் தேதி, திருச்சியில் டாக்டர் டி. எஸ். எஸ். ராஜனின் வீட்டிலிருந்து ராஜாஜியின் தலைமையில் சுமார் நூறு தொண்டர்கள் வேதாரண்யத்துக்கு நடக்க ஆரம்பித்தார்கள். சட்டத்தை மீறி உப்பு எடுக்கப் போகிறார்கள். அவர்கள் வழிநெடுகப் பாடிக்கொண்டு போன பாட்டு ராமலிங்கம் பிள்ளை எழுதியது. ஆயுதமும் இரத்தமும் இல்லாத ஒரு யுத்தம் வருகிறது, சத்தியத்தில் நம்பிக்கை உள்ளவர்களெல்லாம் சேர வாருங்கள் என்று அழைக்கிற அந்தப் பாட்டைத் தமிழ் தெரிந்தவர்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. தஞ்சாவூர்க் கலெக்டர் தார்ன், தொண்டர்களுக்குச் சோறோ தங்க இடமோ கொடுப்பவர்களுக்குத் தண்டனை உண்டு என்று உத்தரவு போட்டார். ஜனங்கள் சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். மரத்தை யார் கைது செய்ய முடியும்? ஏப்ரல் 30-ந் தேதி ராஜாஜி உப்பு எடுத்துக் கைதானார்.

பாரத மாதா யாருக்கு முடி சூட்டுவதாக இளமையில் படம் எழுதினாரோ, அந்த மன்னரின் சட்டத்தை மீறும் படைக்கு நாற்பத்திரண்டாம் வயதில் பாட்டு எழுதிக் கொடுத்தார். மன்னர்கூட மாறவில்லை, அதே ஐந்தாம் ஜார்ஜ்தான். மாறினவர் படம் எழுதியவர்.

இப்போது இன்னொருவர் இடத்தில் நம்மை வைத்துப் பார்ப்போம். ஐம்பத்தைந்து வயதாகிவிட்டது. தேசபக்திப் பாட்டுக்காக நாடு முழுவதும் பெயர் பரவியிருக்கிறது. சிறைக்கும் போய் வந்தாகிவிட்டது. இந்த நிலையில் சுயசரிதை எழுத உட்காருகிறோம். அந்தத் தங்கப் பதக்கத்தை என்ன செய்வோம்? பெட்டியின் அடியில் வைத்துப் பூட்டிவிட்டு, 'இளமையில் சித்திரம் பழகினேன்' என்று ஒரு வரியில் தாண்டிப் போவோம். நாவல் எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு இந்த ஆசை நன்றாகப் புரிகிறது. கதாநாயகன் முதல் அத்தியாயத்திலிருந்தே கதாநாயகனாக இருந்துவிட்டால் எழுதுகிறவனுக்குப் பாதி வேலை மிச்சம்.

ராமலிங்கம் பிள்ளை தாண்டிப் போகவில்லை. டில்லியையும் அந்தப் படத்தையும் தம் கதையில் வைத்திருக்கிறார். அதனால் அவருடைய பிற்காலம் சிறுமைப்படவில்லை. நம்பத் தகுந்ததாக ஆகிறது. ராஜபக்தியும் தேசபக்தியும் ஒரே வீட்டில், சில சமயம் ஒரே மனத்தில், குடியிருந்த காலம் ஒன்று இருந்தது. அரசாங்கத்தின் சம்பளத்தில் வளர்ந்த வீட்டுப் பிள்ளை திலகரின் பேச்சில் மயங்கி, பிறகு காந்தியின் வழிக்குத் திரும்பினது ஒரே நாளில் நடந்த காரியமல்ல. சரித்திரப் புத்தகத்தில் இந்த மாறுதல் 'மக்கள் விழிப்படைந்தனர்' என்று இரண்டு வார்த்தையில் முடிந்துவிடும். ஒரு மனிதன் எப்படி விழித்தான், விழிப்பதற்கு முன் என்ன கனவு கண்டுகொண்டிருந்தான் என்று தெரிய வேண்டுமானால் இம்மாதிரிப் புத்தகத்துக்குத்தான் போக வேண்டும்.

காந்திஜியையும் இந்தச் சங்கடம் விடவில்லை. 'சத்திய சோதனை'யின் முன்னுரையில், தெய்வபக்தியுள்ள நண்பர் ஒருவர் தம்மைத் தடுத்ததாக எழுதுகிறார். சுயசரிதை எழுதுவது மேல்நாட்டு வழக்கமாயிற்றே, இன்று கொள்கை என்று எழுதுவதை நாளைக்கு நீங்களே கைவிட்டால் உங்களை நம்பி நடப்பவர்கள் கதி என்ன என்பது அந்த நண்பரின் கேள்வி. அது நியாயமான கேள்விதான். தம்முடைய பழைய கொள்கைகளும் தவறுகளும் தெரியும்படி எழுதுவதே அதற்குக் காந்திஜி சொன்ன பதில் என்று நான் எடுத்துக்கொள்ளுகிறேன்.

எனக்கும் ஒரு பெரியவரிடமிருந்து இதே மாதிரி கேள்வி வந்தது. தாய்வழியில் மாமா முறை. ராசிபுரம் பக்கத்தில் விவசாயம். கிழங்குக் காட்டைத் தவிர வேறெதிலும் அவருக்குப் பெரிய மதிப்புக் கிடையாது. நான் 'என் கதை'யைப் படித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, "ஏனப்பா, தன்னைப் பத்தித் தானே எழுதிக்கறதாவது! பக்கத்து வீட்டுக்காரனல்ல சொல்லோணும், இவன் நல்லவனா கெட்டவனான்னு?" என்றார்.

"மாமா, பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுதத் தெரியாதே!" என்றேன்.

"அப்போ எழுதத் தெரிஞ்சவன், பக்கத்து வீட்டுக்காரனைப் பத்தி எழுதட்டும்" என்று சொல்லிவிட்டு அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

அவர் விளையாட்டாகச் சொன்னது அந்தப் புத்தகத்துக்கு அப்படியே பொருந்துகிறது. 'என் கதை' என்று பெயர் வைத்துவிட்டு, ராமலிங்கம் பிள்ளை பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்காரர்களைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார். தகப்பனார் வருகிறார், சிநேகிதர்கள் வருகிறார்கள், தம் மனைவி முத்தம்மாள் வருகிறார். இந்த முத்தம்மாள் இறந்த பிறகு அவருடைய தங்கை சௌந்தரம்மாளை அவர் மணந்தார். எல்லோரையும் எதிரே உட்கார வைத்து ஒவ்வொருவராக எழுதிக்கொண்டு போகிறார். தாம் அந்தப் படங்களின் ஓரத்தில் தூரிகையோடு நிற்கிறார்.

அந்தப் படங்களில் மிகச் சிறந்தது பாரதியாருடையது. பாரதியார் 1918-ன் கடைசியில் புதுச்சேரியை விட்டு வெளியே வந்தார். அதற்கப்புறம் செட்டிநாட்டுக் கானாடுகாத்தானுக்கு வந்திருந்தபோது ராமலிங்கம் பிள்ளை அவரைப் போய்ச் சந்தித்தார். வந்தவர் சித்திரக்காரர் என்று பாரதியாருக்குத் தெரியவந்தது. நீர் எங்களைப் படத்தில் எழுதும், நாங்கள் உம்மைக் காவியத்தில் எழுதுகிறோம் என்ற பொருளில் அவர் வேடிக்கையாகச் சொன்னார். பிறகு இவரைப் பாடச் சொல்லிக் கேட்டு, மனம் விட்டுப் பாராட்டி, நீர் புலவர்தான் என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார். அதுவரை பாட்டு என்பது சித்திரக்காரரின் பொழுதுபோக்கு. அன்று ஒரு பெரிய கவிஞரின் வாயால் அதற்குப் பட்டா கிடைத்தது.

அப்புறம் நடந்தது நமக்குத் தெரியும். 1921 செப்டம்பரில், முப்பத்தொன்பது வயது நிறைவதற்குள் பாரதியார் மறைந்தார். காவியத்தில் எழுதுவதாகச் சொன்ன வாக்கு அவரோடு போயிற்று. ஆனால் சித்திரக்காரர் தம் பங்கை மறக்கவில்லை. இருபது வருஷங்களுக்கு மேல் கழித்து, சாயத்துக்குப் பதில் வார்த்தைகளை எடுத்துக்கொண்டு பாரதியாரை எழுதி முடித்தார். பாரதியாரை நேரில் பார்த்தவர்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள். அவர்களில் எழுதி வைத்தவர்கள் கையளவுதான். யதுகிரி அம்மாளும் வ. ரா.வும் ராமலிங்கம் பிள்ளையும் இன்னும் சிலரும் எழுதாமல் போயிருந்தால், பாரதியாரும் கம்பனைப் போலக் கர்ணபரம்பரைக் கதையாகத்தான் நமக்கு மிஞ்சியிருப்பார். எவ்வளவு அருமையான மனிதரை அயலார் வதந்திக்கு விட்டுக்கொடுக்க இருந்தோம் என்று நினைத்தால் எனக்குக் கொஞ்சம் நடுக்கமே எடுக்கிறது.

ஆகவே, அவர் ஏன் எழுதினார் என்ற கேள்விக்கு என் முதல் பதில் இதுதான்: கடன் தீர்க்க எழுதினார். தாம் பார்த்த முகங்களுக்குப் பட்ட கடன் அது.

இரண்டாவது பதில் சற்றுச் சாதாரணமானது. எழுத்து அவருக்குத் தொழிலும் ஆகிவிட்டது. காங்கிரஸுக்குள் இறங்கிய பிறகு படம் எழுதிச் சம்பாதிக்கும் வாழ்க்கை பின்னால் போயிற்று. நாமக்கல், கரூர் பக்கங்களில் காங்கிரஸ் கமிட்டிப் பொறுப்புகளை வகித்தார். 1932-ல் ஒரு வருஷம் சிறைத்தண்டனை. தொண்டர்களின் வழிச்செலவுக்கே திண்டாடிய கமிட்டிகளில் பொறுப்பு வகித்து யாரும் வீடு வாசல் சேர்த்ததில்லை. பிறகு கவிதை, நாவல், காவியம், திருக்குறள் ஆராய்ச்சி என்று கைக்கு வந்ததையெல்லாம் எழுதினார். சின்ன அண்ணாமலையின் தமிழ்ப்பண்ணை அவருடைய புத்தகங்களை அழகாகப் பதிப்பித்தது. எழுதிப் பிழைக்கிற எவனும் இதைக் கேட்டு முகம் சுளிக்க மாட்டான். வாழ்க்கையை எழுதுவதும் உழைப்புத்தான். உழைப்புக்குக் கூலி உண்டு.

அவர் எழுதிய நாவல்களில் எல்லோரும் அறிந்தது 'மலைக்கள்ளன்'. போலீஸ் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு ஏழைகளுக்கு உதவுகிற கள்ளனைப் போலீஸ்காரர் மகன் கதாநாயகனாக்கினார் என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும். அந்தக் கதையைப் பக்ஷிராஜா ஸ்டூடியோ ஸ்ரீராமுலு நாயுடு 1954-ல் படமாக எடுத்தார். எம். ஜி. ஆர். நடித்தார், மு. கருணாநிதி வசனம் எழுதினார். ஆறு பாஷைகளில் அந்தக் கதை ஓடியது. தமிழ்ப் படத்துக்கு ஜனாதிபதியின் வெள்ளிப் பதக்கமும் கிடைத்தது. நாற்பத்திரண்டு வருஷத்தில் தங்கம் ஒன்று, வெள்ளி ஒன்று. முன்னதைக் கொடுத்தது சக்கரவர்த்தியின் அரசாங்கம். பின்னதைக் கொடுத்தது குடியரசு.

மூன்றாவது பதிலுக்கு அந்தப் புத்தகம் வெளிவந்த வருஷத்தைப் பார்க்க வேண்டும். 1944. யுத்தம் நடந்துகொண்டிருக்கிறது. காகிதம் கிடைப்பதே கஷ்டம். 'வெள்ளையனே வெளியேறு' இயக்கம் அடக்கப்பட்டு, நேருவும் பட்டேலும் சிறையில் இருக்கிறார்கள். ராஜாஜி காங்கிரஸை விட்டு விலகி நிற்கிறார். சுதந்திரம் இன்னும் மூன்று வருஷத்தில் வரும் என்று அன்றைக்குப் பஞ்சாங்கத்தில்கூடப் போடவில்லை. இந்தப் போராட்டம் ஜயிக்குமா, நாம் பாடியதும் சிறை சென்றதும் வீணாகுமா என்று தெரியாத நிலையில் எழுதப்பட்ட கதை அது.

இதை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன். சுதந்திரம் வந்த பிறகு எழுதிய தியாகிகளின் நினைவுகளும் நமக்கு உண்டு. அவற்றில் அருமையான புத்தகங்களும் இருக்கின்றன.  ஆனால் பந்தயம் முடிந்து முடிவு தெரிந்த பிறகு ஓட்டத்தைப் பற்றிச் சொல்லும்போது, எல்லாக் காலடியும் வெற்றியை நோக்கியே விழுந்ததாகத் தோன்றிவிடும். சொல்லுகிறவர் பொய் சொல்வதில்லை. முடிவே வந்து பழைய நாட்களுக்கு வர்ணம் பூசிவிடுகிறது. 1944-ல் அந்த வர்ணம் கடையில் கிடைக்கவில்லை. பதவியோ மானியமோ தாமிரப் பட்டயமோ எதிரே தெரியாத காலத்தில் ஒருவர் தம் கதையை எழுதினால், அதில் சந்தேகமும் சலிப்பும் சிரிப்பும் அப்படியே இருக்கும். எந்தப் பக்கம் சாயும் என்று தெரியாத நிலையை அந்த நிலையிலேயே பதிந்து வைக்க வேண்டும் என்ற அவசரந்தான் மூன்றாவது காரணமாக எனக்குப் படுகிறது.

மரியாதைகள் பிற்பாடு வந்தன. 1949 ஆகஸ்டு 15-ந் தேதி சென்னை ராஜ்யத்தின் முதல் அரசவைக் கவிஞரானார். மேல்சபை அங்கத்தினராக இருந்தார். 1971-ல் பத்மபூஷண் கொடுத்தார்கள். 1972 ஆகஸ்டு 15-ந் தேதி மத்திய அரசாங்கம் சுதந்திரப் போராட்டத் தியாகிகளுக்கான பென்ஷன் திட்டத்தை ஆரம்பித்தது. அதற்கு ஒன்பது நாள் கழித்து, ஆகஸ்டு 24-ந் தேதி ராமலிங்கம் பிள்ளை காலமானார். சென்னைக் கோட்டையில் தலைமைச் செயலகத்தின் பத்துமாடிக் கட்டடத்துக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். தாலுகா கச்சேரி குமாஸ்தா வேலை பிடிக்காமல் ஓடினவருக்கு, பைல்கள் நிறைந்த பத்து மாடிகளை அர்ப்பணம் செய்த விநோதத்தை அவர் இருந்து பார்த்திருந்தால் ரசித்திருப்பார். 'என் கதை'யில் இன்னொரு அத்தியாயமே சேர்த்திருப்பார்.

பிற்காலத்தில் வந்த இந்த மரியாதைகள் எதுவும் அந்தப் புத்தகத்தில் இல்லை, இருக்கவும் முடியாது. அதனால்தான் அரசவைக் கவிஞரைத் தேடிப் போகிறவர்கள் அங்கே ஏமாந்து, ஒரு மோகனூர்க்காரரைச் சந்தித்துவிட்டுத் திரும்புகிறார்கள். எனக்கு இந்த ஏமாற்றம் மிகவும் பிடித்தமானது.

நாமக்கல்லில் அவர் வாழ்ந்த வீடு இப்போது நினைவில்லமாகவும் நூலகமாகவும் இருக்கிறது. ஊரோ வேறு ஊர் ஆகிவிட்டது. லாரிக்கும் முட்டைக்கும் இந்தியா முழுவதும் பெயர் பெற்ற ஊர் அது. இங்கே கட்டின லாரி அஸ்ஸாமுக்கும் காஷ்மீருக்கும் ஓடுகிறது. அதை ஓட்டிக்கொண்டு போய், பல பாஷைக்காரர்களோடு பழகி, பனியிலும் கலவரத்திலும் சிக்கித் திரும்பிய டிரைவர்கள் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் ஏராளம். சேலத்தில் பட்டு நெய்தவர்கள் இருக்கிறார்கள். கிழங்கு அரைத்து ஜவ்வரிசி செய்தவர்கள் இருக்கிறார்கள். இவர்களெல்லாரும் திண்ணையில் உட்கார்ந்து "என் கதையைக் கேட்டீங்கன்னா..." என்று ஆரம்பிக்கத்தான் செய்கிறார்கள். கேட்கிறவர்களும் "ஆமாங்க, ஆமாங்க" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விடுகிறார்கள்.

நன்னூலார் அனுமதித்த நான்கு இடங்களில் இரண்டாவதை மறுபடி நினைத்துப் பாருங்கள்: தன்னை அறியாதவர்களின் நடுவே சொல்லிக்கொள்ளலாம். பேரனும் பேத்தியும் தாத்தாவை அறியாதவர்கள்தாமே? உங்கள் வீட்டுப் பெரியவர் அடுத்த தடவை அந்த வாக்கியத்தை ஆரம்பிக்கும்போது ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். பதக்கம் வாங்கினதைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். யார் கையால் வாங்கினார் என்பதையும் மறக்காமல் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.